செம்புள்ளி விழுந்த குட்டி

வெள்ளை நாய் என்று யாராவது பெருமையாகப் பேசினால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. நிறம் தப்பிப் பிறந்த குட்டியை இனத்தில் சேர்க்கலாமா கூடாதா என்று படித்தவர்கள் இப்போது நாய்க் கண்காட்சியில் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டையை நான் அறுபதுகளிலேயே என் அக்கா வீட்டுக்காரரோடு போட்டுவிட்டேன்.

எங்கள் தோட்டம் குண்டடத்துக்குப் பக்கம். அக்காவைத் திருப்பூரில் கொடுத்திருந்தோம். மச்சானுக்குச் சலவைப் பட்டறை. பனியன் துணியைத் தொட்டியில் பிளீச்சிங் தண்ணீரில் ஊறப்போட்டு வெளுத்து, நீலம் போட்டுக் காயவைத்துக் கொடுப்பார். துணியை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துக் கறை தேடுவார். நாய்க்குட்டியையும் அப்படித்தான் பார்ப்பார். முன்னங்கால்களைப் பிடித்துத் தூக்கி வயிறு, காதின் உள்பக்கம், வாலடி எல்லாம் பார்ப்பார். எங்கேயாவது நிறம் தெரிந்தால் கீழே விட்டுவிடுவார். பட்டறை ஆள் அதை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போவான்.

தெற்குச் சீமை வேட்டைநாய் ஜாதி அது. உடம்பெல்லாம் வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ். நூல் மில்காரர்களுக்கும் துணி கொடுக்கிறவர்களுக்கும் அந்தக் குட்டியைக் கொடுப்பது அவருக்குப் பெரிய கௌரவம்.

அவர் கொடுத்த பொட்டை ஒன்று எங்களிடம் இருந்தது. நல்ல நாய். ஆனால் அவர் வீட்டு ஆண் நாயோடு சேர்ந்து அது போட்ட குட்டிகளில் பல செவிடு. கூப்பிட்டால் திரும்பாது. வண்டி வந்தால் நகராது. ஒன்று தாராபுரம் ரோட்டில் பஸ்ஸில் அடிபட்டுச் செத்தது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டேதான் வந்தார். ஆட்டுப்பட்டிக் காவலுக்கு நாய் வளர்க்கிறவன் நான். நரி வருகிற சத்தம் கேட்காத நாயை வைத்து என்ன செய்ய?

அடுத்த தடவை நான் மச்சான் வீட்டு நாயிடம் போகவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு செம்புள்ளி நாய் இருந்தது. அதுவும் இதே ஜாதிதான். புள்ளி இருக்கிறதென்று கிணற்றில் போட எடுத்துப் போனதை, அந்த வீட்டு அம்மா பிடுங்கிக்கொண்டு வந்து வளர்த்திருந்தார். அதனோடு சேர்த்தேன்.

குட்டி போட்டு ஒன்றரை மாதம் கழித்து, விஷயம் தெரிந்து மச்சான் பிளசர் காரில் வந்தார்.

"என்ன மாப்ள, கலப்படம் பண்ணி வெச்சிருக்கறயாமா?"

"கலப்படம் எங்கீங்க மச்சான்? ரெண்டும் ஒரே ஜாதி."

"இப்பிடியே போனா நம்ம பக்கம் இருக்கற நாலு நல்ல நாயும் தெரு நாயாப் போயிரும். அதை ரோசன பண்ணுனியா?"

அது அவருக்கு நிஜமான பயம்தான். அந்த நாய்கள் அப்போது கொஞ்சம்தான் இருந்தன.

"இருக்கற வெள்ளைக்குக் காது கேக்கறதில்லீங்களே?"

"ஏன், உன்ற நாயி ரேடியோ கேக்கப் போவுதா?"

கார் டிரைவர் சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குட்டிகளில் ஒன்றே ஒன்றுதான் முழு வெள்ளை, அது ஆண், கடுவன். பொட்டைகளில் ஒன்றுக்கு இடது காதில் மட்டும் செம்புள்ளி. இலை விழுந்தால்கூடத் தலை தூக்கிப் பார்க்கும். அதை எனக்கென்று வைத்திருந்தேன். மச்சானுக்குத் துணி கொடுக்கும் ஒரு மில்காரர் வீட்டில் பொட்டைதான் கேட்டார்களாம். "புள்ளிய நான் பாத்துக்கறேன்" என்று மச்சான் அதை எடுத்துக்கொண்டார். அக்கா வீட்டுக்காரர், எப்படி மறுப்பது? அந்த இடத்து முடியைக் கத்தரித்துவிடுவார் என்று நினைத்தேன்.

அந்த வாரமே நிலக்கடலை கொடுக்கத் திருப்பூர் போனேன். பட்டறையில் துணி காயும் கொட்டகையில், சாக்கின் மேல் குட்டி கிடந்தது. காது வெந்து சதை தெரிந்தது. கண் வீங்கி மூடியிருந்தது.

"பிளீச்சிங் தண்ணியப் பஞ்சுல நனச்சுத் தேச்சாரு கண்ணு" என்றாள் அக்கா. "வெளுத்துருமுன்னு சொன்னாரு. நாஞ் சொன்னா எங்க கேக்கறாரு?"

மச்சான் வந்தார். "கொஞ்சம் ஸ்ட்ராங்காப் போயிருச்சு மாப்ள."

"அது என்ன பனியனாங்க? உங்க காதுல ஊத்திப் பாத்தீங்களா?"

"சத்தம் போடாத. மில்காரரு ஊட்டுக்குச் சொல்லியாச்சு. புள்ளியோட குடுத்தா, கறை எடுக்கத் தெரியாதவன் சலவைப் பட்டறை நடத்தறான்னு சிரிப்பாங்க. அப்பறம் எவன் எனக்குத் துணி குடுப்பான்?"

"காது கேக்கற நாயின்னு சொல்லிக் குடுங்க."

"அதை எவங் கேட்டான்?"

குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். அக்கா சாப்பிடச் சொல்லிக் கூப்பிட்டது கேட்டது. திரும்பவில்லை. மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டுப் பார்த்தோம். கண் தப்பியது. காதின் நுனி போயிற்று.

குட்டியைக் கொண்டுவந்த மறுநாளே மச்சான் மறுபடி வந்துவிட்டார். பொட்டை இல்லாவிட்டால் போகிறது, அந்த வெள்ளைக் கடுவனைக் கொடு என்றார். குட்டிகளுக்குக் கூழ் ஊற்றிவிட்டு, பின்னால் நின்று பித்தளைச் சொம்பைக் கல்லில் தட்டினேன். காது வெந்தது உட்பட எல்லாக் குட்டிகளும் திரும்பின. வெள்ளைக் கடுவன் மட்டும் குடித்துக்கொண்டே இருந்தது. இன்னும் ஓங்கித் தட்டினேன். சொம்பு நெளிந்தது. அது தலை தூக்கவில்லை.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றார்.

பார்த்தவர் குனிந்து அதையே எடுத்தார். வெயிலுக்கு நேரே தூக்கினார். வயிறு, காதின் உள்பக்கம், வாலடி. "ஒரு சொட்டுக் கறை இல்ல மாப்ள."

"மில்காரரு ஊட்டு முன்னால பஸ் போற ரோடுங்க மச்சான்."

"சங்கிலி போட்டுக் கட்டச் சொல்றேன்" என்று காரில் ஏறினார்.

முயலைத் துரத்தி ஓடுவதற்கென்றே பிறந்த ஜாதி அது. அதைத்தான் கட்டிப்போடச் சொன்னார்.