தொடாமல் கூட வந்த கை

முதியவர்கள் கீழே விழாமல் காப்பது பற்றிய பயிற்சி முகாமைத் தொடங்கி வைத்து அரை மணி நேரம் பேசிவிட்டு, மேடைப் படியில் கால் தவறி விழுந்தவன் நான். வயது ஐம்பத்திரண்டுதான். பயிற்சிக்கு வந்திருந்த பிசியோதெரபிஸ்டுகளும் ஜிம் மாஸ்டர்களும் ஓடிவந்து என்னைத் தூக்கி நிறுத்தினார்கள்.

"எங்க வலிக்குது, தானா எந்திரிக்க முடியுமான்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா?" என்றார் பயிற்சி தரும் அம்மையார்.

பெரியவர்கள் எழுந்தால் கை கொடுக்காமல் இருப்பது திருப்பூரில் மரியாதைக் குறைவு. அந்த மரியாதையைக் கொஞ்சம் அடக்கி வைக்கத்தான் அவர் கற்றுக்கொடுத்தார்.

பயிற்சியில் நடந்து காட்டுவதற்காகப் பக்கத்து மண்ணரையிலிருந்து ஒரு பாட்டியம்மா வந்திருந்தார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவர். குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து யாராவது பிடித்துக்கொண்டால்தான் படி இறங்குவார். மகள் வீட்டுக்குத் தனியாகப் போய்வர வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

என்னைக் கவிழ்த்த அதே படிகளில் அவரை இறக்கும் பொறுப்பு ஒரு ஜிம் மாஸ்டருக்கு வந்தது. மலைபோன்ற ஆள், பயத்தில் வியர்த்துவிட்டது.

"புடிக்காதீங்க, பக்கத்துல மட்டும் இருங்க" என்றார் அம்மையார்.

"நான் இங்கயேதான் இருக்கறனுங்கம்மா" என்று பாட்டியம்மாவிடம் சொன்னார் மாஸ்டர்.

பாட்டியம்மா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். முதுகுக்குப் பின்னால் அந்தப் பெரிய கை, தொடாமலே ஒவ்வொரு படியாகக் கூட வந்தது. கடைசிப் படியில் அவர் கம்பியையும் விட்டுவிட்டார். அந்த மேடையில் அன்று நடந்த உருப்படியான காரியம் அதுதான்.

தரையில் நின்று மூச்சு வாங்கியபடி பாட்டியம்மா ஜிம் மாஸ்டரிடம் சொன்னார்: "எனக்கு இனி வேண்டாங் கண்ணு. அந்தப் பேச்சாளரு மறுக்கா மேடையேறுனா, அவரைப் புடிச்சுக்க."