அழாத பிள்ளை

அவசரப் பிரிவில் அவளைக் ‘கறார் சிஸ்டர்’ என்பார்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று ஊர் சொல்லும். அவளிடம் அந்தக் கணக்கு செல்லாது. கத்துகிற பிள்ளைக்கு மூச்சு ஓடுகிறது. சத்தமில்லாத பிள்ளையைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பாள்.

பள்ளி வேன் கவிழ்ந்த அன்று மத்தியானம், பிள்ளைகளை வாரிக்கொண்டு வந்தார்கள். முதல் ஸ்ட்ரெச்சரில் அவள் அக்கா மகன். முழங்கை வீங்கி, கை கோணிக்கிடந்தது.

“சித்தி! வலிக்குது சித்தி! போகாத சித்தி!”

விரல்களில் சூடு இருந்தது, மணிக்கட்டில் நாடி இருந்தது. அவனுக்கு அவ்வளவு பார்த்தால் போதும். ஆனாலும் நின்று, அட்டை வைத்துக் கட்டி, கண்ணைத் துடைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

சுவரோர பெஞ்சில் ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். மேலே ஒரு கீறல்கூட இல்லை. அதனால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

“எங்கடா கண்ணு வலிக்குது?”

“தூக்கம் வருது ஆன்ட்டி.”

கை ஐஸாய்ச் சில்லிட்டிருந்தது. விரல் நுனியை அழுத்தி எடுத்தாள். வெளுத்த இடம் சீக்கிரம் சிவக்கவில்லை. வயிறு கல்லாக இருந்தது. உள்ளே ரத்தம் கொட்டுகிறது.

“டாக்டர், இங்க வாங்க!” என்று அலறினாள்.

அதற்குள் ஓடிவந்த அக்கா அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். “கண்ணு தெரியலையாடி? உன் அக்கா புள்ள அங்க துடிக்குறான்!”

“அவன் பொழச்சுக்குவான்க்கா. தள்ளு.”

நரம்பு அகப்படவில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பிலேயே ஊசி இறக்கி ரத்தம் ஏற்றிக்கொண்டு, ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடினார்கள். மண்ணீரல் கிழிந்திருந்தது. பொழுது சாய்கையில் டாக்டர் வெளியே வந்தார். “முடியல சிஸ்டர்.”

“கொஞ்சம் முன்னாடியே பார்த்திருந்தா, டாக்டர்?”

அவர் கை கழுவிக்கொண்டே இருந்தார்.

பையனுக்கு அன்றே எலும்பைப் பொருத்திக் கம்பி வைத்தார்கள். கட்டுப் பிரித்தபோது கை முழுசாக நீளவில்லை. தாமதத்தால் இல்லை, முறிந்த விதம் அப்படி என்று எலும்பு டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். அக்கா காதில் ஏறவில்லை.

“சாகப்போறவளுக்காக எம்புள்ளைய அம்போன்னு விட்டுட்டியே. நீயெல்லாம் ஒரு சித்தியா?”

அதோடு பேச்சு நின்றது. சமாதானம் பேச இரண்டு வீட்டுக்கும் நடந்து அம்மாவுக்குக் கால் தேய்ந்ததுதான் மிச்சம். “நீதான் ஒரு வார்த்தை மன்னிப்பு கேளேன்டி” என்பாள் அம்மா.

கேட்டிருப்பாள். ஆனால் அக்கா பிள்ளையை விட்டுப் போனதற்கு என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அவனருகே நின்றதற்குத்தான் கேட்க வேண்டும். அந்தச் சிறுமியைப் பெற்றவர்களின் வீடு எங்கே என்று விசாரித்து வைத்திருக்கிறாள். இன்னும் போகவில்லை.