காஜா முகைதீன் தண்டல் தரைதட்டிய புதன்கிழமை

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல் வாயில் ஒரு மணல்திட்டு உண்டு. வெள்ளத்துக்கு வெள்ளம் அது இடம் மாறிப் படுத்துக்கொள்ளும். வாரத்துக்கு ஒரு தோணியாவது அதில் ஏறி உட்கார்ந்துவிடும்; கரையில் கஞ்சி குடிக்கிறவன் அதற்காகத் தலை நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டான்.

காஜா முகைதீனின் தோணி மட்டும் முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அந்த மணலைத் தொட்டதில்லை. தோணியை நடத்துகிறவரை அங்கே தண்டல் என்பார்கள். ஈயக்குண்டின் அடியில் ஆட்டுக்கொழுப்பைத் தடவிக் கயிற்றில் இறக்குவார். ஒட்டி வரும் மணலை நாக்கில் வைத்துப் பார்ப்பார். கரகரவென்று இருந்தால் ஆற்று மணல், அங்கே வழி உண்டு. மாவாகக் கரைந்தால் திட்டு, விலகிவிட வேண்டும்.

இன்னொரு குணமும் அவருக்கு உண்டு. மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஏற்றவே மாட்டார். கேட்டுக் கேட்டே ஆளைக் களைக்க வைத்துவிடுவார்.

அப்படிப்பட்ட மனிதரிடம்தான், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தாம் வருஷம், டவுண் ஜவுளி வியாபாரி சிவசண்முகம் பிள்ளை வந்தார். ஏரல் கடைத்தெருவில் அவரை ஓரமாக அழைத்துப்போய் விஷயத்தைச் சொன்னார். புதுச்சேரியிலிருந்து ஒரு படகு வருகிறது. முகத்துவாரத்துக்குத் தெற்கே ஒரு மைலில், பனங்காட்டை ஒட்டி, ரகசியமாக ஒன்று கரையிறங்க வேண்டும். இராத்திரியில் கரை நெடுக விளக்கோடு காவல் நடக்கிறது. பகலில் சுங்கச் சாவடியில் மூன்று சேவகர்கள் மட்டுந்தான். புதன்கிழமை காலை பத்து மணிக்குத் தண்டல் தம் தோணியைத் திட்டில் ஏற்றிவிட்டால், அந்த மூன்று பேரின் கண்ணும் அரை மணி நேரம் இந்தப் பக்கமே இருக்கும்.

"என்ன இறங்குது அண்ணாச்சி?"

"இப்பம் கேக்காதயும் வே. இறங்கின பொறவு நானே வந்து சொல்லுதேன்."

தானாகவே மணலில் ஏறுகிற தண்டல்கள் பத்துப் பேர் இருக்க, தன்னிடம் ஏன் வரவேண்டும் என்று தண்டல் கேட்டார். நீர் ஏற்றினால்தான் சரியாக வரும் என்றதோடு பிள்ளை நிறுத்திக்கொண்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன் டவுணில் சுதேசிக் கூட்டத்தின்மேல் போலீஸ் துப்பாக்கி வெடித்த அன்று, சரக்கோடு போயிருந்த காஜா முகைதீன் வீதியில் கிடந்தவர்களைப் பார்த்தவர். பார்த்ததைக் கட்டிய மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. இன்று, முப்பது வருஷப் பெயரை அரை மணி நேரத்தில் தொலைக்கச் சம்மதித்தார்.

புதன்கிழமை, திட்டு நெருங்கியதும் சேக் முகம்மதுவின் கையிலிருந்து சுக்கானை வாங்கிக்கொண்டார். சேக் முகம்மது அவருடைய தங்கை மகன். பழி வந்தால் தன்மேல்தான் வரவேண்டும் என்பது தண்டலின் எண்ணம். ஆனால் பழகிய கை கேட்கவில்லை. அதுவாகவே வழியைப் பார்த்துத் திரும்பியது. இரண்டு முறை இழுத்துத் திருப்ப வேண்டியிருந்தது.

"மாமா, அங்கன மாவு மணலு."

"தெரியும்லே."

அடிப்பலகை மணலில் உரசியது. தோணி ஒரு பக்கம் சாய்ந்து நின்றுவிட்டது.

அப்புறம் நடந்ததை அவர் எதிர்பார்க்கவில்லை. வலை உலர்த்தினவர்கள் வலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். கஞ்சிக் கலயங்கள் அப்படியே கிடந்தன. சாவடிச் சேவகர்கள் மூவரும், ஒருவர் தலைப்பாகை அவிழ்ந்து தோளில் தொங்க, இடுப்பளவு தண்ணீரில் வந்து நின்றார்கள். "ஏலே, தண்டலே ஏறிட்டாருன்னா நாமெல்லாம் எந்த மூலைக்குலே?" என்று யாரோ சொல்ல, சிரிப்பு அலையோடு அலையாகப் புரண்டது.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. பிள்ளை கேட்டது தோணியை அல்ல. வேறு யார் ஏற்றியிருந்தாலும் ஒரு காக்கைகூடத் திரும்பியிருக்காது. பார்ப்பதற்கென்று இத்தனை பேரை இழுத்து வந்தது அவருடைய பெயர்.

தெற்கே என்ன இறங்குகிறது? ஆளா, பெட்டியா? எத்தனை பேர்? கழுத்து அந்தப் பக்கம் திரும்பத் துடித்தது. அவர் திரும்பினால் சேவகர்களும் திரும்புவார்கள். வாழ்நாளெல்லாம் எதையும் எட்டிப் பார்க்காமல் விட்டறியாத மனிதர், அந்த அரை மணி நேரமும் வடக்கேயே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணில் நிறைந்த நீரைப் பார்த்தவர்கள், அவமானம் தாங்காமல் அழுகிறார் என்றார்கள். அதுவும் பொய்யில்லை.

தோணி முதலாளி நூர்முகம்மது வயதில் இளையவர், அவரை அண்ணன் முறையில் காக்கா என்று அழைக்கிற பிரியம் உள்ளவர். "காக்கா, சுக்கானைச் சேக்கு பிடிச்சான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

"எங்கையிலதான் இருந்திச்சு முதலாளி. கை தப்பிட்டு."

மறுநாள் முதல் சேக் முகம்மது தண்டல். ஐம்பத்திரண்டு வயதில் காஜா முகைதீன் அதே தோணியில் கழி ஊன்றினார். மீன் விற்கிற பெண்கள்கூட, மணலில் உப்பு போதுமா என்று விசாரித்தார்கள். சேக் முகம்மது மட்டும் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது.

நான்கு மாதம் கழித்துப் பிள்ளை துறைக்கே வந்து, சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். இறங்கியது ஒரு வாலிபனும் இரண்டு பெட்டி அச்செழுத்தும். ஆற்றங்கரை ஊர் ஒன்றில், பூட்டிய வீட்டுக்குள், சர்க்கார் தடைசெய்த பத்திரிகை அச்சாகிக்கொண்டிருக்கிறது. உம்முடைய பெயரைக் கெடுத்துவிட்டோம் என்று சொல்லிப் பிள்ளை கைகூப்பினார்.

காஜா முகைதீன் அதைக் காதில் வாங்கவில்லை. நான்கு மாதமாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கேட்கத் தொடங்கினார். கட்டுமரமா, வள்ளமா? துடுப்புப் போட்டது எத்தனை பேர்? எத்தனையாவது அலைக்குப் பின்னால் உள்ளே விட்டார்கள்? ஜவுளி வியாபாரிக்கு இதில் ஒன்றும் தெரியவில்லை; விழித்துக்கொண்டு நின்றார்.

"பெட்டி நனஞ்சிச்சா அண்ணாச்சி? அதையாவது சொல்லுங்க."

"ஒரு சொட்டு படலை வே."

தண்டல் கண்ணை மூடி, அதை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். தோணியிலிருந்து சேக் முகம்மது கூப்பிட்டான். காஜா முகைதீன் வேட்டியை மடித்துக் கட்டி, தண்ணீரில் இறங்கி நடந்து, தோணியில் ஏறிக் கழியைக் கையில் எடுத்தார்.