ஒதுக்கிப் போட்ட குழாய்

வடமதுரை மைதானத்தில் எங்கள் பங்க் ராக் குழுவுக்கு மைக் செட் போட்டவரின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. சட்டைப் பையில் ஒரு டெஸ்டர், தோளில் ஒயர்ச் சுருள். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல ஸ்பீக்கர் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்ப்பார்.

கிட்டாரும் நையாண்டி மேளமும் சேர்ந்து இரைவதுதான் எங்கள் பாட்டு. முதல் பாட்டு தொடங்கியதுமே அவர் மேடைக்கு ஓடிவந்து என் கிட்டார் ஒயரைப் பிடுங்கி வேறொன்றைச் செருகினார். இரண்டாம் பாட்டிலும் அதையே செய்தார். கூட்டம் சிரித்தது. மூன்றாம் முறை வந்தபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னண்ணே பண்றீங்க?"

"கரகரன்னு இரையுதுல்ல அப்பு. எங்கயோ ஒயர் போயிருச்சு."

"ஒயர் நல்லாத்தாண்ணே இருக்கு. அந்தக் கரகரப்புதான் எங்க பாட்டே."

கையை உருவிக்கொண்டு வண்டிப் பக்கம் திரும்பினார். "அத வந்தவொடனே சொல்லக்கூடாதா? கரகரங்குதுன்னு ஊரே வேணாம்னு ஒதுக்குன குழாய் ஒண்ணு வண்டியில கெடக்கு."

வாய் நசுங்கிய அந்தக் குழாய் ஸ்பீக்கரைக் கம்பத்தில் கட்டி, என் கிட்டார் ஒயரை அதில் செருகினார். கம்பிகளை ஓங்கி ஓர் அடி அடித்தேன். கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் பெடல்களை மாற்றி மாற்றி வருஷக்கணக்காக நான் தேடிய சத்தம் மைதானத்தையே கிழித்தது. சிரித்த கூட்டம் எழுந்து ஆடியது. மேளக்காரர் குதித்துக்கொண்டே அடித்தார். அதே பாட்டை மூன்று தடவை கேட்டு வாங்கினார்கள்.

அவரோ இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, கம்பத்தில் உள்ளங்கையை வைத்தபடி நின்றார். எங்கள் பாட்டு அவருக்குப் பிடித்ததா என்று இன்றுவரை தெரியாது. ஆனால் கடைசிப் பாட்டு முடிந்த பிறகும் அந்தக் கையை அவர் எடுக்கவில்லை.