சீராகப் போன புளிப்புச் சட்டி

என் மாமியாருக்குப் பிள்ளைகள் இரண்டு. ஒருவர் என் வீட்டுக்காரர். இன்னொன்று, அடுப்படி மூலையில் ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த புளிப்புச் சட்டி. இரண்டில் எதன்மேல் பாசம் அதிகம் என்று கேட்டால், யோசிக்காமல் சட்டி என்றுதான் சொல்வேன். என் வீட்டுக்காரரைக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவார்.

பழவேற்காட்டில் ஒல்லாந்துக்காரர்களின் கோட்டைக்கு ரொட்டி சுட்டுக் கொடுக்கும் வீடு எங்களுடையது. கோதுமை மாவில் பனங்கள் விட்டுப் பிசைந்து, பொங்கிய மாவிலிருந்து ஒரு கை எடுத்து மறுநாளைக்கு உறையாக வைப்போம். வைப்போம் என்பது சும்மா பேச்சுக்கு. வைப்பவர் மாமியார் மட்டும்தான். அந்த உறைதான் சட்டிக்குள் இருந்தது. மாமியாரின் அம்மா மலாக்காவிலிருந்து கப்பலேறி வந்தபோது அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். புயலில் பெட்டி படுக்கையெல்லாம் கடலோடு போயிற்றாம், சட்டி மட்டும் தப்பியதாம். கல்யாணமாகி வந்த வாரத்திலேயே இந்தக் கதை எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

பண்டிகை நாட்களில் கோட்டைக் கோயிலில் திருவிருந்துக்குப் பிட்டுக் கொடுக்கும் ரொட்டியும் மாமியார் கைப்பட்டதுதான். அன்றைக்குச் சரிகை வைத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்காருவார். பாதிரியாரைப் பார்க்க மாட்டார், மேசைமேல் இருக்கும் ரொட்டியைத்தான் பார்ப்பார். உயரமாக, மேலே செம்பழுப்பாக அது நிற்கும். பெருமைப்பட வேண்டிய ரொட்டிதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல் திட்டில் இருக்கும் குப்பத்துப் பெண். நாங்களும் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் போர்த்துகீசியப் பாதிரிமார் ஞானஸ்நானம் கொடுத்த வகை. மீன் வாங்க வந்த என் வீட்டுக்காரர் மீனை மறந்துவிட்டு என்னைக் கேட்டுக்கொண்டு போனார். மாமியாருக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. கோட்டையில் உத்தியோகம் பார்க்கும் குடும்பத்தில் பெண் எடுக்க நினைத்திருந்தவருக்கு வந்து வாய்த்தது இறால்காரி மகள். கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் குப்பத்துப் பக்கம் அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் குப்பத்து வழக்கப்படி முதல் பண்டிகைக்குச் சம்பந்தி வீட்டிலிருந்து சீர் வரும் என்று என் அம்மா காத்திருந்து, அடுத்த பண்டிகைக்கும் காத்திருந்து, பிறகு அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். குப்பத்துப் பெண்கள் விடவில்லை, ஒரு கை மாவாவது வந்ததா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

நான் மாவு சலிக்கலாம், விறகு அடுக்கலாம், தண்ணீர் சுமக்கலாம். மாவில் கை வைக்க மட்டும் கூடாது. "மீன் கை பட்டா மாவு பொங்காது" என்பார் மாமியார். எனக்கு வந்த கோபத்துக்கு அடுப்பே வேண்டாம், என் தலையிலேயே ரொட்டி சுட்டிருக்கலாம். அந்த வீட்டில் நானும் ஒருத்தி என்று ஆவதற்கு இருந்த ஒரே வழி அந்தச் சட்டிதான், அதுவோ எனக்கு எட்டாத மூலையில் இருந்தது.

அந்த வருஷம் உயிர்த்த திருநாளுக்கு முந்தின பெரிய வாரத்தில் சென்னப்பட்டணத்திலிருந்து வந்த பவள வியாபாரி ஒருவர் எங்கள் பக்கத்து வீட்டில் தங்கியிருந்தார். யூதர். தென்காற்று விடாமல் அடித்ததால் தெற்கே போகும் படகுகள் எதுவும் கிளம்பவில்லை. மனிதர் கரைக்கும் வீட்டுக்கும் நடந்து நடந்து ஓய்ந்துபோய், புதன்கிழமை காலையில் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"அம்மா, எனக்குப் புளிப்பில்லாத ரொட்டி வேண்டும். நாளை ராத்திரி எங்கள் பாஸ்கா" என்றார், கடைத்தெருவில் கற்ற தமிழில்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாஸ்கா என்பது எங்கள் குப்பத்தில் உயிர்த்த திருநாளுக்குச் சொல்லும் பெயர். அவர் விளக்கினார். எகிப்தில் அடிமையாகக் கிடந்த அவருடைய முன்னோர்கள் விடுதலையானபோது அவசர அவசரமாகக் கிளம்ப வேண்டியிருந்தது. பிசைந்த மாவு பொங்கும்வரை காத்திருக்க நேரமில்லை. அதனால் அந்த நாட்களில் பழைய புளிப்பையெல்லாம் வீட்டைவிட்டு வெளியேற்றிவிட்டு, மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துச் சுட்ட ரொட்டியைத்தான் சாப்பிடுவார்கள். சென்னப்பட்டணத்தில் அவருடைய ஆட்கள் செய்து வைத்திருப்பார்கள், இங்கே அவர் ஒண்டியாக மாட்டிக்கொண்டார்.

"இன்னா பேச்சுய்யா இது? பொங்காத ரொட்டி இந்த அடுப்புலேருந்து வந்துச்சுன்னா கோட்டையில எல்லாரும் சிரிக்க மாட்டாங்களா?" என்றார் மாமியார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. "அத்தை, சிலுவைக்குப் போறதுக்கு முன்னாடி கடைசி ராத்திரி சுவாமி சீடர்களோட உக்காந்தது பாஸ்கா விருந்துக்குத்தானே? அப்போ அன்னிக்கு அவர் பிட்டுக் குடுத்ததும் இந்த ரொட்டிதானே?"

மாமியார் என்னை முறைத்துவிட்டு வியாபாரியைப் பார்த்தார். அவர் தயங்கினார். "உங்கள் சுவாமியைப் பற்றி நான் சொல்வது சரியில்லை. ஆனால் அந்த ராத்திரி எருசலேமில் எங்கள் ஆட்கள் வீடு எதிலும் வேறு ரொட்டி இருந்திருக்காது."

மாமியார் அப்படியே மணையில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷமும் சுவாமியின் கையில் தன்னுடைய ரொட்டி மாதிரி ஒன்றைத்தான் அவர் மனசில் வைத்துப் பார்த்திருக்கிறார், உயரமாக, செம்பழுப்பாக.

"வறட்டி மாதிரியா இருக்கும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அதைவிட மெல்லிசு" என்றார் வியாபாரி.

"சரி, சுட்டுத் தரேன்" என்றார் மாமியார்.

வியாபாரி உள்ளே வந்து பார்த்தார். மாவு பிசையும் மரத்தொட்டியை முகர்ந்தார், கள் வாடை ஊறிக் கிடந்தது, வேண்டாம் என்றார். குயவரிடமிருந்து புதுத் தாழி வந்தது. அடுப்பைச் செங்கல் வெளுக்கும்வரை வெறுமையாக எரிக்கச் சொன்னார். கடைசியாக மூலையைப் பார்த்து, மிகுந்த மரியாதையுடன், அந்தச் சட்டி மட்டும் வீட்டைவிட்டு வெளியே இருந்தால் தனக்கு நிம்மதி என்றார்.

மாமியாரின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. தெருவில் யாரிடமும் சட்டியைக் கொடுக்க அவருக்கு நம்பிக்கையில்லை, ஒரு கரண்டி எடுத்து ஒளித்துவைத்தால் கோட்டைக்கு இன்னொரு ரொட்டிக் கடை முளைத்துவிடும். யோசித்து யோசித்து, "உங்கம்மா வூட்டுல வெச்சுட்டு வா. ரொட்டின்னா இன்னானு தெரியாத ஊரு, யாரும் தொட மாட்டாங்க" என்றார். எனக்கு அதுவும் ஒரு குத்துதான், ஆனாலும் முதல்முறையாகச் சட்டி என் மடியில் உட்கார்ந்தது.

என் வீட்டுக்காரர் தோணியைத் தள்ள, சாயங்காலம் குப்பத்துக்குப் போனோம். அம்மா ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கப் போயிருந்தார். என் அப்பா, நாங்கள் நைனா என்போம், வலை பின்னிக்கொண்டிருந்தார். வலை கையில் இருந்தால் நைனாவின் காது பாதிதான் வேலை செய்யும், இது ஊருக்கே தெரியும். இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும் என்ற அவசரத்தில், "நைனா, மாமியார் வூட்டுச் சட்டி இது, உள்ள மாவு இருக்கு. பத்திரமா வெச்சிரு, சனிக்கிழமை வந்து எடுத்துக்கறேன்னு அம்மாகிட்ட சொல்லு" என்றேன். நைனா தலையை நன்றாகவே ஆட்டினார்.

மறுநாள் பெரிய வியாழன். தண்ணீர் பட்ட மாவு ஒரு கணமும் சும்மா கிடக்கக் கூடாது என்று வியாபாரி பக்கத்திலேயே நின்றார். பிசைய ஒருவர், தேய்க்க ஒருவர், குத்த ஒருவர், அடுப்பில் போட ஒருவர் வேண்டியிருந்தது. மாமியார் சுற்றுமுற்றும் பார்த்தார். வேறு ஆள் இல்லை. "வா, இந்தா, தேய்" என்று ஓர் உருண்டையை என்னிடம் தள்ளினார். பொங்கவே வேண்டாத மாவுக்கு மீன் கையானால் என்ன என்று நினைத்திருப்பார். நான் தேய்த்தேன். உப்பாமல் இருக்கப் புதுச் சீப்பு ஒன்றால் அதில் வரிசையாகக் குத்தினேன். எனக்குள் இருந்த சந்தோஷத்துக்கு அந்த மாவு புளிப்பில்லாமலே பொங்கியிருக்க வேண்டும்.

உடைந்துபோன ஒரு துண்டை வியாபாரியிடம் கேட்டு வாங்கி மாமியார் வாயில் போட்டார். மென்றார். வெகுநேரம் மென்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பாவம். அன்னிக்கு ராத்திரி அவருக்கு நல்ல ரொட்டிகூட கெடைக்கலையே" என்றார்.

வியாபாரி சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் சிரிக்கவில்லை. மாமியார் சுவாமிக்காக அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை, எனக்கு அவர்மேல் திடீரென்று பிரியம் வந்தது.

பெரிய வெள்ளியன்று கோட்டைக் கோயிலில் பாதிரியார் இதைப் பற்றியே பேசினார். யூதர்கள் வீட்டைவிட்டு வெளியேற்றும் பழைய புளிப்பு, நமக்கு நெஞ்சில் நாள்பட்டுப்போன கசப்பு, அதை வெளியே போட்டுவிட்டுத்தான் பாஸ்காவுக்கு வரவேண்டும் என்றார். இது மாமியாருக்குச் சொன்னது என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்குச் சொன்னது என்று அவர் நினைத்திருப்பார். இருவரும் பக்தியாகத் தலையை ஆட்டினோம்.

சனிக்கிழமை காலையில் சட்டியை எடுக்கப் போனோம். கரைக்கே வந்து நின்ற அம்மாவின் முகம் அப்படி ஜொலித்தது. சட்டியை ஏரி மணல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கழுவி, வாயைத் துணியால் கட்டி வைத்திருந்தார்.

"வெறுஞ்சட்டியா திருப்பிக் குடுக்கலாமா? காய்ஞ்ச எறா போட்டிருக்கேன், மாமியாருக்குக் குடு" என்றார். "உள்ள இருந்த மாவு?" என்றேன். அம்மா நிறுத்தவில்லை. "இன்னா மாவுடி அது! அரிசி மாவைக் கரைச்சு அதுல விட்டேன், பொங்கிப் பானைய தாண்டிடுச்சு. வியாழக்கிழமை ராத்திரி குப்பம் பூரா ஆப்பம். சம்பந்தி வூட்டு மொத சீருன்னு ஒரு வூடு வுடாம குடுத்தேன். ஒரு கை மாவு வந்துச்சான்னு கேட்டாளுங்களே, இப்போ வாயத் தொறக்கட்டும்!"

பின்னால் நைனா பெருமையாக நின்றார். மாமியார் வீட்டு மாவு வந்திருக்கிறது, சட்டியைச் சனிக்கிழமை கேட்டிருக்கிறாள் என்று சேதியைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், பத்திரமாக வைக்கச் சொன்னது மட்டும் வலையில் சிக்கிவிட்டது. பக்கத்து வீட்டு யூதர் புளிப்பே இல்லாமல் பண்டிகை கொண்டாடிய அதே ராத்திரியில், எங்கள் குப்பம் மலாக்காப் புளிப்பு மொத்தத்தையும் தின்று தீர்த்திருக்கிறது.

அம்மாவிடம் உண்மையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு யாரால் சொல்ல முடியும்? தோணியில் ஏறியதும் என் வீட்டுக்காரர் சிரிக்கத் தொடங்கினார். பாதி ஏரி தாண்டியபோது மறுநாள் காலைத் திருவிருந்து ரொட்டி ஞாபகம் வந்து சிரிப்பை நிறுத்தினார். மீதி ஏரிக்குத் தோணியை வேகமாகத் தள்ளினார்.

மாமியார் வாசலிலேயே கையை நீட்டிச் சட்டியை வாங்கி, துணியை அவிழ்த்தார். இறால் வாடை முகத்தில் அடித்தது. அவர் கத்துவார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கத்தவில்லை. சட்டிக்குள் விரலை விட்டு ஓர் இறாலை எடுத்துப் பார்த்தார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். நைனாவின் காதிலிருந்து கடைசி வீட்டு ஆப்பம்வரை ஒன்றும் விடவில்லை. முதல் சீர் என்று அம்மா சொன்ன இடத்தில் மாமியார் தலையைக் குனிந்துகொண்டார்.

"அது சட்டிய காக்க அனுப்பினதுன்னு உங்கம்மாகிட்ட சொன்னியா?"

"இல்ல அத்தை. சொல்ல முடியல."

"எப்பவும் சொல்லாதே." இறாலைத் திரும்பச் சட்டிக்குள் போட்டார். "நான் சீர்தான் அனுப்பினேன். முன்னாடியே அனுப்பியிருக்கணும்."

எனக்கு அழுகை வந்தது. அவர் அதற்கெல்லாம் இடம் கொடுக்கவில்லை. புது உறைக்காக மகனைத் திருப்பாலைவனத்துப் பனந்தோப்புப் பக்கம் காலைக் கள் வாங்கிவர விரட்டினார். கள் நுரையோடு வந்தது. இறாலை முறத்தில் கொட்டிச் சட்டியைக் கழுவி, அதில் மாவைப் போட்டுக் கள்ளை விட்டார். இறால் வாடை போகவில்லை.

"கையைக் கழுவிட்டு வந்து பிசை" என்றார் என்னிடம்.

"அத்தை, இது மீன் கை."

"அதனால இன்னா? சட்டியும் இப்போ மீன் சட்டிதான்."

என் கையால் பிசைந்த மாவு அந்த வெயிலில் சாயங்காலத்துக்குள் துணியைத் தூக்கிக்கொண்டு எழுந்தது. மலாக்கா இல்லாமலும் மாவு பொங்கும் என்பதை இருவரும் பார்த்தோம், ஆனால் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மேசைமேல் இருந்த ரொட்டி வழக்கத்தைவிட ஒரு விரல் குள்ளம். மாமியார் ரொட்டியைப் பார்க்காமல் பாதிரியாரைப் பார்த்தார், பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்.

அடுத்த வருஷம் பவள வியாபாரி வரவில்லை. இருந்தும் பெரிய வாரத்துப் புதன்கிழமை மாமியார் மூலையிலிருந்து சட்டியை எடுத்தார். நான் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். கொடுக்கவில்லை. சரிகை ரவிக்கையைப் போட்டுக்கொண்டு, சட்டியை மடியில் வைத்தபடி, குப்பத்துக்குப் போகும் தோணியில் அவரே உட்கார்ந்தார்.