வால்வு சூடாகும் நேரம்

மச்சான் சுவிட்சைப் போட்டால் உடனே சத்தம் வராது. அந்த ஆம்ப்ளிஃபையர் பெட்டியின் பின்பக்கம் நான்கு கண்ணாடி வால்வுகள் நிற்கும். ஓரத்தில் தடியாக நிற்பதன் உள்ளே இருக்கும் கம்பி முதலில் மங்கலாகத் தெரியும், பிறகு பழுத்த மிளகாய் நிறத்துக்கு வரும். அதுவரை அவர் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, தாலி எடுத்துக் கொடுக்க நேரம் பார்க்கும் ஐயர் மாதிரி நிற்பார். "என்ன மச்சான், ஒங்க பொட்டி இன்னும் பல்லு வெளக்குதா?" என்று கேட்பேன். "இரு புள்ள, வருது" என்பார். பெட்டிக்குப் பரிந்து பேசுகிற அளவுக்கு அக்காவுக்கு அவர் பரிந்து பேசியதில்லை.

அவர் என் அக்காவின் வீட்டுக்காரர். சிலோன் தோட்டத்தில் கோயில் திருவிழாவுக்கு மைக் செட் போட்டவர். ரப்பர் நட எங்களையெல்லாம் சர்க்கார் நிக்கோபாரில் உள்ள கட்சால் தீவுக்கு அனுப்பியபோது மற்றவர்கள் அம்மி, அண்டா, தையல் மெஷின் என்று தூக்கி வந்தார்கள். இவர் அந்தப் பெட்டியையும் ஒரு ஊதுகுழல் ஸ்பீக்கரையும் தூக்கி வந்தார். அம்மியை விட்டு வந்ததற்காக அக்கா சாகும்வரை அவரைத் திட்டினாள்.

அப்பாவுக்கு மட்டும் அந்தப் பெட்டி உயிர். கட்சாலுக்கு வந்த மறு வருஷமே அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டது. அந்த மேட்டைத் தாண்டினால் நம் சிலோன் லயத்து வீடு வந்துவிடும் என்பார். தோட்ட வேலைக்குக் கட்டுகிற மாதிரி இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் காட்டுக்குள் நடந்துவிடுவார். தேடிப் போனால் எங்களைப் பார்த்து இன்னும் வேகமாக ஓடுவார். மச்சான்தான் வழி கண்டுபிடித்தார். தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் கணக்கு எடுப்பதற்குப் பெரட்டு என்று பெயர். ஐம்பது வருஷம் அப்பா அதற்கு ஒரு நாள் தவறியதில்லை. மச்சான் ஸ்பீக்கரைக் காட்டுப் பக்கம் திருப்பி, கங்காணி குரலில் கூப்பிடுவார்: "மாமா, பெரட்டுக்கு நேரமாச்சு! எல்லாரும் வந்தாச்சு, ஒங்க பேரு மட்டுந்தான் பாக்கி! பிந்தினா அரைப்பேருதான்!" அரை நாள் கூலிதான் கிடைக்கும் என்று அர்த்தம். சிறிது நேரத்தில் அப்பா மூச்சு வாங்க ஓடி வருவார். "வந்துட்டேங்க, பேர வெட்டிறாதீங்க" என்று மச்சானைக் கும்பிடுவார். நாங்கள் சிரிப்போம். மச்சான் சிரிக்காமல், தாளில் பெயர் எழுதுவது போல எழுதிக் காட்டுவார்.

அந்தத் தடி வால்வுக்கு ரெக்டிஃபையர் என்று பெயர். ஜெனரேட்டர் கரண்ட் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே வருமாம், அதை ஒரே பக்கமாகத் திருப்பி விடுவது அதன் வேலை. ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு மச்சான் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "பந்தியில ஆளு ஒக்காந்த பொறகுதான் சோறு வரணும் புள்ள. இவன் மெதுவா சூடாகி மெதுவா கரண்ட விடுறதால, அதுக்குள்ள மத்த மூணு வால்வும் சூடாகி எலையில ஒக்காந்திருது. இவன் அவசரப்பட்டா சோத்த எங்க கொட்டுறது?"

"அதுக்குள்ள ஆளு பசியில செத்துருவான் மச்சான்" என்றேன். என் வாய் அப்படி.

ஒரு தடவை கார் நிக்கோபாரிலிருந்து கப்பலில் வந்த மலையாளி ரேடியோக்காரர் ஒருவர் பெட்டியைப் பார்த்துவிட்டு, மிளகுபோல் இரண்டு கறுப்புச் சாமான்களை மச்சான் கையில் வைத்தார். டயோடு. "யே லகா தோ பாயி, ஏக்தம் ஆவாஸ் ஆயேகா" என்றார். வால்வைக் கழற்றிவிட்டு இதை வைத்தால் உடனே சத்தம் வரும், கொஞ்சம் கூடுதலாகவும் வரும். மச்சான் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், மாட்டவில்லை. "கண்டன்சர் பழசு. அடிச்ச அடி தாங்காது" என்றார். கரண்டை வாங்கிச் சேர்த்து வைக்கும் உருளைக்குத்தான் கண்டன்சர் என்று பெயர். இரண்டு மாதம் டயோடு பையிலேயே கிடந்தது. அக்கா துணி துவைக்கும்போதெல்லாம் எடுத்து வைப்பாள்.

பிறகு மாரியம்மன் கும்பிடு வந்தது. பெரிய ஆபீசர் பேச எழுந்தார். மைக் ஊமையாக நின்றது. வால்வு சூடாகிக்கொண்டிருந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். "சார், ஒக்காருங்க சார், எங்க மச்சான் பொட்டிக்கு இன்னும் விடியல!" என்றேன். பெங்காலி, தெலுங்கு என்று பாஷை தெரியாதவர்கள்கூடச் சிரித்தார்கள். மச்சான் தலை நிமிரவில்லை. மறுநாள் காலையில் வால்வைக் கழற்றித் துணியில் சுற்றி அரிசி டின்னில் வைத்தார். டயோடை ஈயம் வைத்துப் பற்றவைத்தார். "இப்ப சந்தோசமா?" என்றார். அதற்குப் பிறகு மற்ற மூன்றும் சூடானதுமே சத்தம் பளிச்சென்று வந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்பா கடைசியாகப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில். அக்கா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தபோது கட்டில் காலி, சாக்கும் இல்லை. மச்சான் ஓடிப் போய்ச் சுவிட்சைப் போட்டார். மற்ற நாட்களில் மரம் அறுக்கும் மெஷின் ஓடிப் பாதிக் கரண்டை இழுத்துக்கொள்ளும். அன்று அதற்கு லீவு. லைனில் முழுக் கரண்ட். வால்வுகள் இன்னும் குளிர்ந்திருக்க, டயோடு மொத்தத்தையும் ஒரே நொடியில் கொண்டுவந்து கொட்டியது. டப்பென்று வெடித்தது. வெள்ளைப் புகை வந்தது. கண்டன்சரின் உள்ளே இருந்த காகிதம் கல்யாண வீட்டுப் பூ மாதிரி எங்கள் மேல் விழுந்தது.

மாற்றுவதற்கு வேறு கண்டன்சர் தீவிலேயே இல்லை. எல்லாரும் கத்திக்கொண்டே காட்டுக்குள் போனோம். மழை பிடித்துக்கொண்டது. எங்கள் குரல் எங்களுக்கே கேட்கவில்லை. அக்கா "அப்பா, அப்பா" என்றாள். அப்பா மகளைத் தேடியா போனார்? அவர் போனது வேலைக்கு. மச்சான் கையைக் குவித்துப் பெரட்டு, பெரட்டு என்று கத்தினார். ராத்திரிக்குள் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

மூன்றாம் நாள் நிக்கோபாரிகள் ஓடைக் கரையில் அப்பாவைக் கண்டார்கள். தாழை மரத்தடியில், சாக்கைக் கட்டியபடி, உட்கார்ந்த மாதிரியே இருந்தார். கம்பவுண்டர் பார்த்துவிட்டு, உயிர் போய் அரை நாள்கூட ஆகவில்லை என்றார். அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். பாவி நான், யாரைக் குறை சொல்வது?

நான்தான் கேலி செய்து மாற்ற வைத்தேன் என்று மச்சான் அக்காவிடம் சொல்லவே இல்லை. அக்கா அவரைத்தான் திட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். இன்று பேத்தி போனைத் தொடுகிறாள், தொட்ட விரலை எடுப்பதற்குள் பாட்டு வருகிறது. உலகத்தில் காத்திருக்கிற கருவியே இல்லை. எனக்கு மட்டும் சத்தம் அப்படி உடனே வரும்போதெல்லாம் ஒரு சின்னத் திடுக்.

அப்பா செத்த பிறகு வந்த முதல் கப்பலில் கண்டன்சர் வந்தது. மச்சான் டயோடை வெட்டி எறிந்துவிட்டு, அரிசி டின்னிலிருந்து வால்வை எடுத்து மறுபடியும் சொருகினார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"புள்ள, அந்த ஓடக்கரைக்குப் போ. மாமா ஒக்காந்த எடத்துல நில்லு. நான் இங்கேருந்து கூப்பிடுறேன். கேக்குதான்னு பாத்துட்டு வந்து சொல்லு."

"எதுக்கு மச்சான் இதெல்லாம்?"

"எனக்குத் தெரியணும்."

முக்கால் மணி நேரம் நடந்தேன். தாழை மரத்தடியில் நின்றேன். மழையில்லை. ஓடைத் தண்ணீர் சத்தம் மட்டும். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு மரங்களுக்கு மேலே, அதே பழைய கங்காணி குரலில், ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது: "மாமா, பெரட்டுக்கு நேரமாச்சு. ஒங்க பேரு மட்டுந்தான் பாக்கி." அவர் விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது மச்சான் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். கையில் மைக் இன்னும் இருந்தது.

"கேட்டுச்சா?"

"இல்ல மச்சான்" என்றேன். "ஓட எரைச்சல்தான். ஒங்க சத்தம் அவ்ளோ தூரம் எங்க வருது?"

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு மெல்ல உட்கார்ந்தார். "அப்ப எப்படியும் கேட்டிருக்காது" என்றார், தனக்கே சொல்வது போல. அன்று சாயங்காலம், அத்தனை நாளுக்குப் பிறகு, அக்காவிடம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.