மரத்தடியில் அம்மாவின் படம்

என் அண்ணன் பொய்யர். அம்மாவின் படத்தைத் தன் வீட்டில் வைத்துக்கொள்வதாகச் சொல்லி வாங்கிப் போய், கோயிலோரத்து மரத்தடியில் போட்டுவிட்டுப் போனவர்.

பினாங்கின் ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டை நான் காலி செய்துகொண்டிருந்தேன். அம்மாவின் முதல் ஆண்டுத் திதி இன்னும் வரவில்லை. படுக்கையில் கிடந்தவரைப் பார்த்துக்கொண்ட காலத்தில் நான் பினாங்குப் பாலத்தைத் தாண்டியதே அபூர்வம். இப்போது வீட்டை விற்றாயிற்று. முதுகில் ஒரு பை. பாடாங் பெசார் வரை ரயில், அங்கிருந்து தாய்லாந்து, அதற்குப் பிறகு எங்கே என்று எனக்கே தெரியாது. திரும்பும் தேதி வைத்துக்கொள்ளவில்லை. கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் சந்தோஷமா என்று கேட்கிறார்கள். இல்லை. ஒன்றும் தோன்றவில்லை.

அலமாரி போனது. மெத்தை போனது. அம்மாவின் சக்கர நாற்காலியைக் கீழ்மாடிச் சீனக் கிழவர் வாங்கிக்கொண்டார்; என் எதிரிலேயே உட்கார்ந்து வராந்தாவில் ஓட்டிப் பார்த்தார். தீபாவளிக்கு முறுக்குச் சுடும் பெரிய சட்டியைப் பழைய சாமான் லாரிக்காரன் மிதித்து நசுக்கி உள்ளே எறிந்தான். பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை. பசித்தது. போய் மீ கோரெங் சாப்பிட்டேன்.

வீடு மாறுகிறவர்கள் சாமி படங்களை முதலில் கொண்டுபோய்ப் புது வீட்டில் வைத்துப் பால் காய்ச்சுவார்கள். எனக்குப் புது வீடு கிடையாது. சாமி படங்களுக்கு அதற்கும் ஒரு வழி இருக்கிறது. பழைய படங்களைக் கோயிலோரத்து அரசமரத்தடியில் விட்டுவிடலாம். எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். அம்மாவை அப்படி விட முடியாது. யாராவது சுவரில் மாட்டி, அமாவாசைக்கு ஒரு வாய்ச் சோறு படைக்க வேண்டும். அது யார் என்று தெரியாமல் நான் ரயில் ஏறுவதாக இல்லை. எனக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

அண்ணனும் அண்ணியும் பட்டர்வொர்த்திலிருந்து காரில் வந்தார்கள். அண்ணி செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"இன்னும் வருஷம் முடியல. சாவு வீட்டுப் பொருள இப்ப எடுக்கலாமா?"

"அது என்ன பொருளா? எங்கம்மா லா," என்றார் அண்ணன். "மூத்த பிள்ள நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். அம்மா என்கூட வரட்டும்."

படத்தை அம்மாவின் பச்சைக் கைலியில் சுற்றிக் கொடுத்தேன். வாங்கும்போது அவர் கண் கலங்கியது. நம்பினேன். அன்று சாயங்காலம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்: "அம்மா நம்ம வீட்டுக்கு வந்துட்டாங்க." ஈப்போ சித்தி முதல் எல்லோரும் கும்பிடும் கைகளைப் போட்டார்கள். நானும் போட்டேன்.

பிறகு ஒரு காலையில் சாமி படங்களை மரத்தடிக்கு எடுத்துப் போனேன். கோயிலைக் கூட்டும் அக்கா விளக்குமாற்றோடு வந்தார்.

"வைங்க, வைங்க. கண்ணாடி ஒடஞ்சத மட்டும் வைக்காதீங்க, என் கால்லதான் குத்துது. சாமிய போட்டது போதாதுன்னு இப்ப மனுஷங்களையும் கொண்டாந்து போடுறாங்க."

"மனுஷங்களா?"

"கைலிக்குள்ள முருகர்னு நெனச்சுப் பிரிக்கிறேன், ஒரு அம்மா என்னையே முறைக்குது. யாரு பெத்த தாயோ! பழைய சாமிக்குத்தான் இந்த மரம். செத்தவங்களுக்கா?"

தும்பிக்கை உடைந்த பிள்ளையாருக்கும் மழையில் ஊறிய லட்சுமிக்கும் நடுவில் அம்மா சாய்ந்திருந்தார். கைலி வேரோரம் ஈரமாகக் கிடந்தது.

"என் தாய்தான்," என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கதான் போட்டீங்களா?"

"இல்ல."

நம்பவில்லை. எப்படி நம்புவார்? கை நிறையச் சாமி படங்களோடு நின்றுகொண்டிருந்தேன்.

அங்கேயே ஓரத்தில் உட்கார்ந்து அண்ணனைப் போனில் கூப்பிட்டேன். அண்ணிதான் எடுத்தார்.

"அம்மா படத்த எங்க மாட்டினீங்க அண்ணி?"

"ஹால்லதான், டிவிக்கு மேல. வர்றவங்கல்லாம் பாத்துட்டு நல்லாருக்குங்கிறாங்க."

"வீடியோவுல காட்டுங்க. போறதுக்கு முன்ன ஒரு தடவ பாத்துக்கிறேன்."

"லைன் சரியில்ல லா," என்றார். வைத்துவிட்டார்.

படம் என் மடியில் இருந்தது. கோபம் வரும் என்று காத்திருந்தேன். நான் வீட்டுக்கு வந்து, கைலியைத் துவைத்துக் காயப் போட்ட பிறகுதான் அது வந்தது.

மரத்தடியில் கண்டதை அண்ணனுக்கு எழுதி அனுப்பினேன். மத்தியானம் அவர் கூப்பிட்டார். "அண்ணிக்குப் பயம்மா. சாமி இருக்கிற எடம்தானேன்னு வெச்சேன். வருஷம் முடிஞ்சதும் எடுத்துக்கலாம்னு பாத்தேன்."

"மழையிலயா?"

"குழுவுல சொல்லிடாத. மானம் போயிடும்," என்றார்.

தீட்டு என்று பயந்தால் வாசலிலேயே முடியாது என்று சொல்லியிருக்கலாம். நான் சண்டை போட்டிருப்பேன், வேறு ஆளைத் தேடியிருப்பேன். அவ்வளவுதான். அவருக்கு மூத்த பிள்ளை என்று பேர் வாங்கவும் வேண்டும், படம் வீட்டுக்குள் வரவும் கூடாது.

நாளை ரயில். சட்டத்தைக் கழற்றிவிட்டேன், அம்மாவைச் சுருட்டினால் பைக்குள் போகிறார். அமாவாசைக்கு எந்த ஊரில் இருக்கிறேனோ அங்கே படைப்பேன். ஆனால் சித்தியும் மாமாவும் இன்னும் அம்மா பட்டர்வொர்த்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அண்ணே, தனியாகக் கூப்பிடாதீர்கள், எடுக்க மாட்டேன். குழுவில், எல்லோரும் படிக்கிற இடத்தில், நீங்களே எழுதுங்கள்: அம்மாவை எங்கே கொண்டுபோய் வைத்தீர்கள்?